உதவித் தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தால்...

பயிரின் இலை மஞ்சளித்தவுடன் யூரியா மூட்டையைத் தூக்கக் கூடாது என்று விவசாயிகளுக்குப் பல காலமாகச் சொல்லி வருகிறோம். முதிர்ந்த அடி இலைகள் மஞ்சளித்தால் அது தழைச்சத்துக் குறைவு. கொழுந்து இலைகள் மஞ்சளித்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. காரணம் தெரிந்த பிறகே மருந்து. "உங்களுக்குத் தவறாகப் பணம் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டுங்கள்" என்று அரசிடமிருந்து கடிதம் வரும்போதும் இதே முறையைத்தான் கையாள வேண்டும். பிழை எந்த இடத்தில் உள்ளது என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச்சு.

சில ஆண்டுகளாகப் பி.எம். கிசான் எனப்படும் பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதித் திட்டத்தில் இத்தகைய நோட்டீசுகள் சிறு விவசாயிகளுக்கு வருகின்றன. அவற்றுள் நியாயமானவையும் உண்டு. பதிவேட்டுப் பிழையால் வந்தவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியும் வழியை இங்கே காண்போம்.

கறவை மாட்டை விற்க இருந்த அம்மையார்

மண் பரிசோதனை முகாம் ஒன்றுக்காக ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். முகாம் முடியும் நேரத்தில் ஓர் அம்மையார் மடித்த காகிதம் ஒன்றுடன் வந்து நின்றார். கணவரை இழந்தவர். ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலத்தில் மணிலாவும் உளுந்தும் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறவர். 15 தவணை உதவித் தொகையாகிய ரூ. 30,000-ஐத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அந்தக் காகிதத்தில் இருந்தது.

"ஐயா, கறவை மாட்டை விக்கப் பேசிட்டேன். நாளைக்கு ஆளு வரான். கவர்மெண்ட் பணத்தை வச்சிக்கிட்டு நான் எப்படித் தூங்கறது?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. மாட்டுக்குப் பேசின ஆளை இப்ப வர வேண்டாம்னு சொல்லிடுங்க. முதல்ல பட்டாவையும் பாங்கி புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன்.

நோட்டீசில் காட்டியிருந்த காரணம், நிலம் 2021-ம் ஆண்டில்தான் அவர் பெயருக்கு வந்தது என்பது. பட்டாவைப் பார்த்தால் விஷயம் விளங்கியது. கணவர் 2016-ல் காலமானபின் வாரிசு முறையில் அம்மையாரின் பெயர் 2017-லேயே கூட்டுப் பட்டாவில் சேர்ந்துவிட்டது. மைத்துனருடன் இருந்த அந்தக் கூட்டுப் பட்டாவை 2021-ல் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கியிருக்கிறார். நிலம் அதேதான். வரப்பும் அதேதான். பட்டா எண்ணும் தேதியும் மட்டுமே புதியவை. கணினி அந்தப் புதிய தேதியை நிலம் வாங்கிய தேதியாக எடுத்துக்கொண்டுவிட்டது.

பாங்கி புத்தகத்தில் மற்றொரு பிழையும் தெரிந்தது. 15 தவணை என்று நோட்டீஸ் கூறுகிறது. புத்தகத்தில் வரவு ஆனவை 13 மட்டுமே. எனவே கணக்கே ரூ. 26,000-தான். ஒரே காகிதத்தில் இரண்டு தவறுகள். அம்மையார் மாட்டை விற்றுக் கட்டியிருந்தால் இரண்டும் வெளியே வந்திரா.

திட்டத்தின் விதிகள்

இத்திட்டம் 2019 பிப்ரவரி 24-ல் தொடங்கி வைக்கப்பட்டு, 2018 டிசம்பர் 1 முதல் கணக்கிட்டுச் செயற்படுத்தப்பட்டது. ஆண்டுக்கு ரூ. 6,000, நான்கு மாதங்களுக்கு ஒரு முறை ரூ. 2,000 வீதம் மூன்று தவணைகளில் வழங்கப்படுகிறது. முதலில் 2 எக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர் வரை நிலமுள்ளவர்களுக்கு என்றிருந்தது. 2019-லேயே அந்த வரம்பு நீக்கப்பட்டு, நிலமுள்ள விவசாயக் குடும்பங்கள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்டது.

விவசாயிகள் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியவை:

1. 2019 பிப்ரவரி 1-ம் தேதியன்று நிலம் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிரயமாக வாங்கியவர்களுக்கு உதவி இல்லை. ஆனால் நில உடைமையாளர் இறந்து, வாரிசு முறையில் நிலம் வந்தவர்களுக்கு இந்தத் தேதி தடையாகாது.

2. குடும்பம் என்றால் கணவன், மனைவி, மைனர் குழந்தைகள். ஒரு குடும்பத்திற்கு ஓர் உதவித் தொகை மட்டுமே.

3. கடந்த வரி மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்களுக்கு இல்லை.

4. அரசுப் பணியில் உள்ளவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும், மாதம் ரூ. 10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கும் இல்லை. ஆனால் கடைநிலை ஊழியர்களான நான்காம் பிரிவினருக்கு இந்தத் தடை இல்லை.

5. தொழில் செய்யும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், பட்டயக் கணக்கர் முதலியோருக்கும், மக்கள் பிரதிநிதிகளில் சில நிலையினருக்கும் இல்லை.

தவறான உறுதிமொழி கொடுத்துப் பணம் பெற்றவர்களிடமிருந்து அதைத் திரும்ப வசூலிக்கலாம் என்றும் விதியில் உள்ளது. விவசாயி உண்மையைச் சொல்லி, பதிவு மட்டும் தவறாக இருந்தால் அது வேறு கதை. இந்த வேறுபாட்டை மனுவில் தெளிவாக எழுதுவது அவசியம்.

சோதனை கடுமையானது ஏன்?

2020-ம் ஆண்டு நம் மாநிலத்தில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் விவசாயிகள் அல்லாத பலர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது தெரிய வந்தது. தகுதியற்ற சுமார் 5.5 லட்சம் பேர் கணக்கில் சுமார் ரூ. 110 கோடி சென்றதாக அரசு அறிவித்தது. அதிகாரிகளின் கடவுச்சொற்களைத் தவறாகப் பயன்படுத்தி இடைத்தரகர்கள் இதைச் செய்தனர். சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது, பலருடைய பாங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்பப் பெறப்பட்டது. கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதார் அட்டையைக் கொடுத்த ஏழைகளும் அதில் இருந்தனர்.

நாடு முழுவதும் தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு ரூ. 1,364 கோடி சென்றுள்ளதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 2021 ஜனவரியில் வெளியான பதில் ஒன்று தெரிவித்தது. எனவே சோதனை தேவைதான். ஆனால் ஒரு பதிவேட்டை இன்னொரு பதிவேட்டுடன் கணினி ஒப்பிடும்போது, இரண்டில் ஒன்று பிழையாக இருந்தாலும் குற்றம் விவசாயியின் மேல் விழுகிறது. களை எடுக்கும் கை அவசரப்பட்டால் நாற்றும் சேர்ந்து வரும் அல்லவா?

வெளிநாட்டிலும் இவ்வாறு நடந்துள்ளது. ஆஸ்திரேலியாவில் உதவித் தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தைக் கணினி இரண்டு வாரப் பகுதிகளாகச் சமமாகப் பங்கிட்டு, "கூடுதலாக வாங்கிவிட்டாய்" என்று கடன் கணக்கு எழுதியது. ஓராண்டு மழையை 52 வாரத்திற்கும் சமமாகப் பங்கிட்டுப் பார்த்தால் வறட்சியும் தெரியாது, வெள்ளமும் தெரியாது. இந்தக் கணக்கும் அப்படித்தான் ஆயிற்று. 2020 மே மாதத்தில் அந்நாட்டு அரசு 4,70,000 கடன் கணக்குகளில் வசூலித்த பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. கணினி சொன்னது என்பதற்காக ஒரு கணக்கு சரியாகிவிடாது என்பதற்கு இது சான்று.

பிழை எங்கே, சான்று எது?

நோட்டீசில் காட்டியுள்ள காரணத்தை முதலில் படிக்க வேண்டும். ஒவ்வொரு காரணத்திற்கும் உரிய காகிதம் வேறு. கையில் உள்ள எல்லாக் காகிதங்களையும் கட்டாகக் கட்டிக் கொடுப்பதால் பயனில்லை.

நிலம் 2019-க்குப் பிறகு வந்தது என்றால்: உட்பிரிவு, பெயர்த் திருத்தம், கூட்டுப் பட்டாவைப் பிரித்தல் ஆகியவற்றால் பட்டாவுக்குப் புதிய தேதி வந்திருக்கலாம். பழைய பட்டா நகல், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் காட்ட வேண்டும். இறப்பினால் வந்த நிலமாயின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் போதிய ஆதாரம்.

பட்டாவில் பெயரோ பரப்போ தவறு என்றால்: 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது நேர்ந்த தவறுகள் பல கிராமங்களில் இன்றும் தொடர்கின்றன. தந்தை பெயர், தலைப்பெழுத்து, புல எண் ஆகியவற்றைப் பழைய பத்திரத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பட்டா திருத்தத்திற்கு வட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். அவர் உத்தரவு திருப்தி தராவிடில், 1983-ம் ஆண்டுத் தமிழ்நாடு பட்டாப் புத்தகச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வருமான வரி கட்டியவர் என்றால்: கணக்குத் தாக்கல் செய்வது வேறு, வரி கட்டுவது வேறு. டிராக்டர் கடனுக்காகவோ வீட்டுக் கடனுக்காகவோ கணக்குத் தாக்கல் செய்தவர்கள் நம்மில் பலர். அவர்களுடைய வரி சுழியமாக இருந்தால் வரி கட்டியவர் ஆகமாட்டார்கள். தாக்கல் செய்த ஒப்புகையையும் ஆண்டு வரி விவரப் பட்டியலையும் இணைக்க வேண்டும். பாங்கி வைப்புத் தொகையின் வட்டியில் வரி பிடித்து, அது பிறகு முழுமையாகத் திரும்ப வந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். எந்த ஆண்டின் வரி என்று குறிப்பிடாமல் எல்லாத் தவணைகளையும் கேட்டிருந்தால், ஆண்டைத் தெரிவிக்குமாறு கேட்க வேண்டும்.

ஒரே குடும்பத்தில் இருவர் என்றால்: கணவனும் மனைவியும் வாங்கியிருந்தால் ஒன்றைத் திருப்பத்தான் வேண்டும். ஆனால் தந்தையும் மேஜரான மகனும் ஒரே ரேஷன் கார்டில் இருப்பதால் மட்டும் ஒரே குடும்பம் ஆகிவிடாது. மகனுக்குத் தனிப் பட்டா முன்பே இருந்தால் அதையும் வயதுச் சான்றையும் காட்டலாம்.

ஓய்வூதியர் என்றால்: அலுவலக உதவியாளர் போன்ற கடைநிலைப் பணியில் ஓய்வு பெற்றவர்கள், வகித்த பதவி குறிப்பிடப்பட்ட ஓய்வூதிய ஆணையின் நகலை இணைக்க வேண்டும்.

பணமே வரவில்லை என்றால்: தவணைவாரியாகப் பாங்கி புத்தகத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆதார் வழியாக அனுப்பும் பணம், கடைசியாக ஆதார் இணைக்கப்பட்ட கணக்கிற்கே போகும். எப்போதோ ஓரிடத்தில் தொடங்கிய புதுக் கணக்கு ஒன்றில் அது கிடக்கலாம். எல்லாக் கணக்குகளையும் பார்த்த பிறகே "வரவில்லை" என்று எழுத வேண்டும்.

ஆள் மாறாட்டம் என்றால்: ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உள்ளவர்கள் இருப்பது சகஜம். நோட்டீசில் உள்ள பதிவு எண், புல எண், பாங்கிக் கணக்கின் கடைசி எண்கள் ஆகியவை தம்முடையவைதாமா என்று ஒப்பிட வேண்டும்.

செய்ய வேண்டிய முறை

நோட்டீஸ் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். பதில் தரக் கெடு குறித்திருந்தால் அதற்குள் பதில் போய்ச் சேர வேண்டும். சான்றுகள் கிடைக்கத் தாமதமானால், "சான்றுகள் பின்னர் தரப்படும்" என்று எழுதியாவது கெடுவுக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம். "பார்த்துக்கலாம், போங்க" என்று ஒருவர் சொல்வது கோப்பில் ஏறாது. மனுவை வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். அல்லது விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அசல் பத்திரத்தை எவரிடமும் கொடுக்கக் கூடாது. நகல் மட்டுமே கொடுக்க வேண்டும்.

"சரி செய்து தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகர்களையும், தொலைபேசியில் ரகசிய எண் கேட்பவர்களையும் அண்ட விடாதீர்கள். மனுவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. மனுவைப் பின்வருமாறு எழுதலாம்:

"ஐயா, தங்கள் ........ தேதியிட்ட நோட்டீஸ் எனக்கு ........ அன்று கிடைத்தது. எனது பி.எம். கிசான் பதிவு எண் ......... நோட்டீசில் கூறிய காரணம் ......... இது சரியன்று. உண்மை நிலை ......... இதற்குச் சான்றாக ........ நகல்களை இணைத்துள்ளேன். பதிவு செய்யும்போது நான் எந்த விவரத்தையும் மறைக்கவில்லை. தவறான உறுதிமொழி கொடுக்கவில்லை. எனது பாங்கி புத்தகப்படி வரவான தவணைகள் ......... ஆகவே பதிவேட்டைத் திருத்தி, நோட்டீசை ரத்து செய்யவும், முடிவு தெரியும் வரை வசூலை நிறுத்தி வைக்கவும், முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்."

ஒரு பக்கத்துக்கு மேல் தேவையில்லை. கோபமோ கெஞ்சலோ தேவையில்லை. கணக்கும் காகிதமும் பேசினால் போதும்.

பதில் வராவிட்டால்

இத்திட்டத்தின் குறைகளைக் கூடுமானவரை இரண்டு வாரங்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று விதிமுறைகளில் உள்ளது. அதற்கென மாவட்ட அளவில் குழுவும் உண்டு. இரண்டு வாரம் கழிந்தும் பதில் இல்லையேல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் முதல் மனுவின் நகலுடன் இரண்டாவது மனுவைக் கொடுங்கள். 155261 என்ற உதவி எண்ணிலும் பேசிப் புகாரைப் பதியலாம். பட்டா தொடர்பானவற்றை ஜமாபந்தியிலும் கொடுக்கலாம்.

எந்தப் பதிவேட்டைப் பார்த்து நோட்டீஸ் அனுப்பினார்கள் என்று அறிய, 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கை கொடுக்கும். பத்து ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாட்களில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அந்தக் கட்டணமும் இல்லை. "என் பெயரில் உள்ள பதிவின் நகல், என்னைத் தகுதியற்றவராக்கிய ஆதாரத்தின் நகல், தவணைவாரியாகப் பணம் சென்ற கணக்கு விவரம்" என்று மூன்றை மட்டும் கேட்டால் போதுமானது.

அதற்கு மேலும் சிக்கல் நீடித்தால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இதற்கான தொலைபேசி எண் 15100.

உண்மையிலேயே தகுதி இல்லை என்றால்

வரி கட்டியது உண்மை, கணவன் மனைவி இருவரும் வாங்கியது உண்மை என்றால், வாதாடிக் காலம் கடத்த வேண்டாம். அது வேறொரு விவசாயிக்குச் சேர வேண்டிய பணம். ஆனால் கட்டும் முன் தவணைக் கணக்கைச் சரிபாருங்கள். திட்டத்தின் அரசு இணையதளத்திலோ அலுவலகம் எழுத்தில் தெரிவிக்கும் கணக்கிலோ மட்டும் செலுத்தி ரசீது பெறுங்கள். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. ஒரே நேரத்தில் கட்ட இயலாவிடில், காரணத்தைச் சொல்லித் தவணை வசதி கேட்டு எழுதுங்கள்.

வருமுன் காக்க

விதைப்புக்கு முன் முளைப்புத் திறன் பார்ப்பதுபோல, ஆண்டுக்கு ஒரு முறை சொந்தப் பதிவையும் பார்த்துக்கொள்வது நலம். பட்டா, ஆதார், பாங்கி புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் உள்ளதா என்று கவனியுங்கள். குடும்பத்தில் உடைமையாளர் இறந்தால், காலதாமதமின்றித் தெரிவித்து வாரிசு பெயருக்குப் பட்டாவை மாற்றுங்கள். இறந்தவர் கணக்கில் தொடர்ந்து விழும் தவணையும் பிறகு திருப்பக் கேட்கப்படும். பட்டா மாறும்போது பழைய பட்டாவின் நகலைத் தூக்கிப் போடாதீர்கள். முதியோர் ஓய்வூதியம், பயிர்ச் சேத நிவாரணம் முதலிய பிற உதவிகளுக்கும் இந்த வழிமுறை பொருந்தும்.

அந்த அம்மையாரின் மனுவுக்கு முதலில் கிடைத்த பதில், "கணினியில் அப்படித்தான் இருக்கிறது" என்பது. அவர் விடவில்லை. 2017-ம் ஆண்டுக் கூட்டுப் பட்டா நகலை வைத்து இரண்டாவது மனுவைக் கொடுத்தார். வருவாய்த் துறையிடமிருந்து அறிக்கை வந்து, மூன்றாம் மாதம் நோட்டீஸ் ரத்தாயிற்று. நிறுத்தி வைத்திருந்த தவணைகளும் பிறகு வந்தன. மாடு கொட்டிலிலேயே இருக்கிறது.

அதே தெருவில் இன்னொருவர் இருக்கிறார். அவருக்கும் உட்பிரிவுத் தேதிதான் காரணம். அவர் பயந்து, வட்டிக்கு வாங்கி ரூ. 22,000 கட்டிவிட்டார். இப்போது அதைத் திரும்பப் பெற மனுமேல் மனு எழுதிக்கொண்டிருக்கிறார். பணம் இன்னும் வரவில்லை. வட்டி மட்டும் மாதம் தவறாமல் போகிறது. கட்டிய பணத்தை மீட்பது, கட்டுமுன் கேள்வி கேட்பதைவிடப் பல மடங்கு கடினம். நோட்டீஸ் என்பது தீர்ப்பு அன்று; அது ஒரு கேள்வி. கேள்விக்குரிய பதிலைக் காகிதத்தில் காகிதத்தாலேயே சொல்ல விவசாயிகள் பழகிக்கொள்ள வேண்டும்.